உப்புப் பார்க்கிறவர் ஓட்டுக் கேட்டார்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உள்சாலை ஒன்றில், லாரிகளுக்கான இரும்புப் பாகங்களைக் காய்ச்சி அடித்துச் செய்கிற தொழிற்சாலை இருக்கிறது. அங்கே மதிய உணவு மணி பன்னிரண்டரைக்கு அடிக்கும். எபினேசருக்கு மட்டும் அது பதினொன்றேமுக்காலுக்கே அடித்துவிடும். கையிலிருக்கும் அளவுகோலைப் பரிசோதனை மேசைமேல் வைப்பார்; கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைப்பார்; தலையை ஒருமுறை தடவிக்கொள்வார். பிறகு, சம்பந்தி வீட்டுக்குள் நுழைகிறவரின் நிதானத்தோடு கேன்டீனை நோக்கி நடப்பார்.

அங்கே தலைமைச் சமையற்காரி கெங்கம்மாள் ஒரு டம்ளர் சாம்பாரும் ஒரு கரண்டியுமாகக் காத்திருப்பாள். எபினேசர் கரண்டியால் அள்ளி, ஊதி, நாக்கில் விட்டுக் கண்ணை மூடுவார். மூடிய கண்களுக்குள் என்ன நடக்கும் என்பது அவருக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரியும்.

“உப்பு கொஞ்சம் தூக்கலா கீது, கெங்கம்மா. நாளைக்கு ஒரு கை குறைச்சுக்கோ.”

“செரிப்பா.”

அதன்பின் சுவரில் தொங்கும் பதிவேட்டை எடுத்து, ‘உணவு நன்று’ என்று எழுதிக் கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகே அண்டாக்கள் கூடத்துக்குப் போகும். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சாப்பிடும் சோறு ஒருவரது தலையசைப்புக்காகக் காத்திருப்பது சின்னப் பெருமையா? அடுப்படியிலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து தம் பங்கை உண்டுவிட்டு, மணி அடிப்பதற்குள் அவர் தம் பிரிவுக்குத் திரும்பிவிடுவார். மற்றவர்கள் சாப்பிடும் அரைமணி நேரத்தில் பரிசோதனை மேசை காலியாக இருக்கக் கூடாது என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒழுங்கு.

ஐம்பத்திரண்டு வயதாகும் எபினேசரின் ஊர் கவரைப்பேட்டைக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. தாய் தந்தை இருவரும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இருபத்தொரு வயதில் அவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இந்தத் தொழிற்சாலையின் உலைக்கூடத்துக்குள் நுழைந்தார். ஆறு ஆண்டு கழித்து நிரந்தரமானார். நிரந்தரமான கடிதத்தைக் கண்ணாடி போட்டு, இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். இருபத்து மூன்று ஆண்டு உலைக்கு முன்னால் நின்றபின், 2016இல் ஒருநாள் தலை சுற்றியது. இரத்த அழுத்தம் என்றார் மருத்துவர். அன்றுமுதல் காலையில் ஒரு மாத்திரை, வீட்டில் மனைவி ஜெபா கையால் அரை உப்புச் சமையல், தொழிற்சாலையில் வெக்கை படாத பரிசோதனைப் பிரிவு என்று வாழ்க்கை மாறியது.

கேன்டீன் கமிட்டிச் செயலாளர் பதவி அதற்கு மூன்று ஆண்டு முன்பே வந்துவிட்டது. 2013இல் சோற்றில் கல் கிடக்கிறதென்று தொழிலாளர்கள் தட்டைக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். ‘உங்களில் ஒருவர் தினமும் சுவைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்’ என்று நிர்வாகம் இறங்கி வந்தது. யார் என்று கேட்டபோது, அங்கே இல்லாத ஒருவர் பெயரைச் சொல்வதுதான் எல்லோருக்கும் எளிதாக இருந்தது. எபினேசர் கை கழுவப் போயிருந்தார். திரும்பி வந்தபோது செயலாளராகியிருந்தார்.

பதவியை அவர் வீணாக்கவில்லை. கல்லில்லாத அரிசி வந்தது. புதன்கிழமைதோறும் முட்டை வந்தது. அந்த முட்டைக்காக அவர் மேலாளரின் அறைவாசலில் ஒன்பது புதன்கிழமை நின்றதைத் தொழிற்சாலை இன்றும் சொல்லும். மருத்துவ முகாம் ஒன்று நடந்த கையோடு, எல்லோருடைய உடல்நலத்தையும் எண்ணி, மேசைகளில் இருந்த உப்புக் கிண்ணங்களைக்கூட எடுத்துவிடச் சொன்னார். யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதை அவர் தமக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

2024 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. வாக்களிப்பு நாளன்று சம்பளத்தோடு விடுமுறை. மறுநாள் சனிக்கிழமை, பத்து மணித் தேநீர் இடைவேளையில், எல்லோர் இடக்கை ஆள்காட்டி விரலிலும் மை இருந்தது. சம்மட்டிப் பொறியை இயக்கும் சுப்பிரமணி, எபினேசரின் இருபத்தைந்து ஆண்டுச் சிநேகிதர், டம்ளரும் கையுமாக வந்தார். சொந்தமாக நெல் வயல் உள்ள குடும்பம்; அதனால் வாயில் ஒரு மிதப்பு எப்போதும் உண்டு.

“இன்னா எபி, மை காஞ்சிடுச்சா?”

“காஞ்சிடுச்சுடா. இனிமே அஞ்சு வருஷத்துக்குக் கவல இல்ல.”

“நமக்குக் கவல இல்ல. ஜெயிச்சவனுக்குக் கீதே! டில்லில போய்க் குந்திக்கினு இருந்தாலும், அஞ்சு வருஷம் ஆனா திரும்பி வந்து, நம்ம கெங்கம்மா கையப் புடிச்சு, ‘அக்கா, பார்த்துச் செய்யுங்க’ன்னு கும்புடணும். உனக்கு அந்தப் பேஜாரே இல்ல. பதினோரு வருஷமா ஒருத்தனுக்கும் ஒரு கும்புடு வச்சது கிடையாது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எபினேசரும் சிரித்தார். நாளிதழை வரி விடாமல் படிக்கும் பழக்கம் உள்ளவராதலால், அவரிடம் பதில் தயாராக இருந்தது.

“நான் லோக்சபா இல்லடா, ராஜ்யசபா. அது கலையவே கலையாது. தெரியுமா உனுக்கு?”

“அண்ணே,” என்றது ஒரு குரல். பேக்கிங் பிரிவு அருணா. அரசுத் தேர்வுக்கு இரண்டு முறை படித்து எழுதியவள். “சபைதான் அண்ணே கலையாது. அதுல குந்திக்கினு இருக்கிறவங்க ஆறு வருஷம் ஆச்சுன்னா எழுந்துக்கணும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தபா மூணுல ஒரு பங்கு ஆளுங்க எடத்தக் காலி பண்ணுவாங்க. மறுபடியும் வரணும்னா மறுபடியும் ஓட்டு வாங்கினுதான் வரணும்.”

“அவங்க எங்கம்மா நம்மகிட்ட ஓட்டு கேட்டாங்க?”

“எம்.எல்.ஏ.ங்ககிட்ட கேப்பாங்க. யார்கிட்டயாவது கேட்டாவணும் இல்ல? நீங்க யார்கிட்ட கேட்டீங்க?”

“அன்னிக்கு எல்லாரும் கையத் தூக்குனாங்களாமே!”

“அன்னிக்கு நான் பிளஸ் டூ படிச்சுக்கினு இருந்தேன் அண்ணே. நீங்க குந்துன நாளா நாங்க டில்லிக்கு மூணு தபா ஓட்டுப் போட்டாச்சு.”

இந்தமுறை சிரிப்பு உலைக்கூடம் வரை கேட்டது. எபினேசர் டம்ளரில் மீதமிருந்த தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நேரே மனிதவள அதிகாரியின் அறைக்குப் போனார். 2013ஆம் ஆண்டுக் கோப்பைத் தேடச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துக் கிடைத்த தாளில், அவர் பெயருக்குக் கீழே, ‘பதவிக்காலம்: இரண்டு ஆண்டுகள்’ என்று தட்டச்சு செய்திருந்தது. அதற்குக் கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது. தினமும் கையெழுத்திடுகிறவர், படிக்காமல் கையெழுத்திட்ட ஒரே தாள் அதுதான். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஐந்து தேர்தல்கள் நடந்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு அவரை உறுத்தியது. உறுத்தலுக்குள் ஓர் ஆசையும் இருந்தது. பதினோரு ஆண்டாகத் தம்மை வைத்திருக்கிறார்களா, அல்லது மாற்ற மறந்துவிட்டார்களா? இதைத் தெரிந்துகொள்ளாமல் இனி அந்தக் கரண்டியைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமைத் தேநீர் இடைவேளையில் பெஞ்சுமேல் ஏறி நின்று, “தேர்தல் வச்சிடலாம்” என்று அறிவித்தார்.

உடனே பதவிக்காலம் பற்றிய விவாதம் தொடங்கியது. தாளில் என்ன இருந்தாலும் லோக்சபாபோல ஐந்தாண்டு வைக்கலாம் என்றார் சுப்பிரமணி; அடிக்கடி ஓட்டுப் போட்டால் சாப்பாட்டு நேரம் பாழ் என்பது அவர் கட்சி. ராஜ்யசபாபோல ஆறு இருந்தால் என்ன என்று எபினேசர் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

“டில்லிக்குப் போறவங்களுக்கு அஞ்சு வருஷம் வேணும் அண்ணே,” என்றாள் அருணா. “சட்டம் போடணும், பாலம் கட்டணும். போட்ட சட்டம் நல்லதா கெட்டதான்னு தெரியவே மூணு வருஷம் ஆவும். சாம்பாருக்கு இன்னாத்துக்கு அஞ்சு வருஷம்? மத்தியானம் வச்சது மத்தியானமே தெரிஞ்சுடுது.”

தாளில் இருந்தபடி இரண்டு ஆண்டே என்று முடிவாயிற்று. “நீயே நில்லேன்” என்று யாரோ சொல்ல, அருணா ஒரு நொடி தயங்கி, “நிக்கிறேன்” என்றாள். மனிதவள அதிகாரி மே மாதத்து முதல் வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். எபினேசருக்கு முட்டைச் சின்னம், அருணாவுக்கு டம்ளர்.

எபினேசர் பிரிவு பிரிவாகப் போய் ஓட்டுக் கேட்டார். பதினோரு ஆண்டுக் கும்பிடுகளையும் சேர்த்து வைத்தாற்போல, எந்திரங்களுக்குக்கூடக் கைகூப்பினார். போன இடமெல்லாம் ஒரே பதில்தான்: “உனுக்கு இல்லாத ஓட்டா அண்ணே!” முகத்தில் ஒரு பெருமிதம் ஏற வீட்டுக்கு வந்தார். ஜெபா அதைக் கண்டும் காணாததுபோல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் போடறேன்னுட்டாங்க ஜெபா.”

“நின்னுக்கினே கேட்டா நின்னுக்கினே சொல்லுவாங்க. ஓட்டுக் கேக்கிறவன் ஜனங்களோட குந்தித் துன்னணும்யா. நீ என்னிக்கு அவங்களோட துன்னுகிற? எப்பப் பாரு அடுப்பங்கரையிலயே துன்னுட்டு ஓடிடற.”

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. மறுநாள் அடுப்படி முக்காலியில் உட்காராமல், தட்டில் வாங்கிக்கொண்டு, மணி அடித்ததும் உலைக்கூடத்தாரின் மேசைக்குப் போய்ச் சுப்பிரமணிக்கு எதிரே உட்கார்ந்தார். எல்லோரும் சோற்றைப் பிசைந்தார்கள். யாரும் வாயில் வைக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள். உலைமுன் நின்று வந்தவர்களின் சட்டைகள் முதுகில் வெள்ளை பூத்துக் கிடந்தன. அவ்வளவு வேர்வை.

“துன்னுங்கடா, இன்னா பார்க்கிறீங்க?”

சுப்பிரமணி பெருமூச்சு விட்டார். “எத்தினி நேரம்டா எபி பசியோட குந்துறது?” என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஒரு பழைய மாத்திரை டப்பியை எடுத்தார். மூடியைத் திறந்து, சாம்பார் சோற்றின்மேல் வெள்ளையாக எதையோ தூவினார். அதைக் கண்டு மற்றவர்களுக்கும் துணிவு வந்தது. ஒருவர் காகிதப் பொட்டலம் பிரித்தார். ஒருவர் தைலப் புட்டியைக் கவிழ்த்தார். பக்கத்து மேசையில் ஒரே டப்பி கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. எபினேசர் திரும்பிக் கூடம் முழுவதையும் பார்த்தார். எங்கும் அதே காட்சி.

“இன்னாடா அது?”

“உப்பு.”

“எத்தினி நாளா?”

“உனுக்கு பிரஷர் வந்த நாளா.”

“எட்டு வருஷமாவா?”

“மொதல்ல கொஞ்சமாத்தான் குறைஞ்சுது. நீ ஊட்டுல அர உப்பு துன்ன துன்ன உன் நாக்குக்கு எல்லாமே தூக்கலாயிடுச்சு. கிண்ணத்த வேற எடுத்துட்டே. அப்பால நாங்க ஊட்டுலேர்ந்து கொண்ணார ஆரம்பிச்சோம்.”

எபினேசர் அடுப்படிக்கு ஓடினார். “கெங்கம்மா, நெசமா?”

கெங்கம்மாள் கரண்டியைக் கழுவியபடியே சொன்னாள்: “முன்னெல்லாம் நாளுக்கு ரெண்டு பாக்கெட்டு போடுவேன். இப்ப அர பாக்கெட்டுதான். நீ தூக்கல்னா நான் குறைக்கணும், கையெழுத்து உன்னுது. நானும் எனக்குன்னு தனியா உப்பு வச்சுக்கினுதான் துன்றேன்.”

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. “ஒருத்தராவது எங்கிட்ட சொல்லக் கூடாதாடா?”

“எப்பச் சொல்றது? நீ கண்ண மூடிக்கினு, ஜெபம் பண்றாப்புல தலைய ஆட்டிக்கினு நிப்பே. அந்தச் சந்தோஷத்தக் கெடுக்க யாருக்கு மனசு வரும்? ரெண்டு வருஷத்துக்கு ஒரு தபா ஓட்டுன்னு வந்து எங்க எதிர்ல குந்திருந்தா, எப்பவோ தெரிஞ்சிருக்கும்.”

எபினேசர் தம் தட்டைப் பார்த்தார். சுப்பிரமணியின் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். நாக்கு சுரீரென்றது. அதன்பின் அவருக்கு எங்கிருந்து அந்தச் சிரிப்பு வந்ததென்று சொல்ல முடியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேசை சிரித்தது, கூடம் சிரித்தது. எட்டு ஆண்டு காத்த இரகசியம் உடைந்ததில் இருநூறு பேருக்கும் அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் காலையிலேயே ஒவ்வொரு மேசையிலும் உப்புக் கிண்ணம் இருந்தது. வைத்தவர் எபினேசர். சுப்பிரமணி அதைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்.

“பார்த்துக்குங்கப்பா! தேர்தல் வந்தா எல்லாரும் ரோடு போடுவாங்க. நம்மாளு உப்பு போட்டுகிறாரு!”

அருணாவோ கிண்ணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “ஒரே நாக்கு பார்க்கிறதாலதான் இப்படி ஆச்சு. நான் வந்தா வாரம் ஒரு செக்சன் ஆள் ருசி பார்க்கட்டும். மொத வாரம் உலைக்கூடம்” என்று மட்டும் சொன்னாள். கேட்ட மாத்திரத்திலேயே எபினேசருக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது, அது தமக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை என்று. விலகிக்கொள்ளலாமா என்று ஓர் இரவு யோசித்தார். முடியவில்லை. அந்தப் பதினொன்றேமுக்கால் நடை அவருக்கு வேண்டும். கெங்கம்மாள் நீட்டும் டம்ளர் வேண்டும். தொழிற்சாலையில் தம்மைக் கேட்டு நடக்கிற ஒரே காரியம் அது. ஆகவே வாக்களிப்பன்று காலை பெஞ்சுமேல் நின்று, ஒளிக்காமல் பேசினார்.

“உப்பு குறைஞ்சது என்னால. முட்ட வந்ததும் என்னால. ரெண்டையும் பார்த்துப் போடுங்க. எனக்கு இந்த வேல ரொம்பப் புடிக்கும்.”

வெல்டிங் கம்பி வந்த தகரப் பெட்டியின் மூடியில் பிளவு வெட்டி வாக்குப்பெட்டி செய்திருந்தார்கள். அரசாங்கம் வைத்த மை இடக்கை நகத்தில் இன்னும் போகாமல் இருந்ததால், வலக்கை விரலில் அடையாளமிட முடிவாயிற்று. பரிசோதனை முடிந்த பாகங்களில் புள்ளி வைக்கும் மஞ்சள் வண்ணப் பேனாவோடு சுப்பிரமணி வரிசையின் முனையில் உட்கார்ந்து, “பாஸ்! நீயும் பாஸ்! நீ மட்டும் ரீவொர்க், திரும்ப உலைக்குப் போ!” என்று ஒவ்வொருவர் விரலிலும் புள்ளி வைத்தார். விடுப்பிலிருந்த இருவர் தவிர இருநூற்றுப் பத்துப் பேர் வாக்களித்தார்கள். நாலு மணிக்குச் சாப்பாட்டு மேசைமேல் பெட்டியைக் கவிழ்த்து, மனிதவள அதிகாரி சீட்டுகளைப் பிரித்துப் பிரித்து அடுக்கினார். முட்டையும் டம்ளரும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் வளர்ந்தன. எபினேசர் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே நின்றார். கடைசிக் கட்டில் டம்ளர் முந்தியது.

“அருணா நூற்றுப் பதின்மூன்று. எபினேசர் தொண்ணூற்றேழு.”

யார் கைதட்டுவது என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவரே முதலில் தட்டினார். அருணா கண் கலங்க அருகில் வந்தாள்.

“அண்ணே, ரெண்டு வருஷம்தான். மறுபடியும் நில்லுங்க.”

“நிக்காம வுட்டுடுவேனா? அதுக்குள்ள நீயும் எல்லா மேசையிலயும் குந்தித் துன்னு. இல்லாட்டி உனக்கும் தெரியாம யாராவது பாக்கெட்டுல எதையாவது வச்சுக்கினு இருப்பாங்க.”

மாலை ஆறு மணிக்கு அவர் வண்டியை வீட்டுவாசலில் நிறுத்தியபோது, கையில் பிரியாணிப் பொட்டலம் இருந்தது. முகம் விளக்குப் போட்டதுபோல இருந்தது. ஜெபா கதவருகே வந்தாள்.

“ஜெயிச்சுட்டியாயா? எத்தினி ஓட்டு?”

“தொண்ணூத்தேழு!”

“அந்தப் பொண்ணுக்கு?”

“நூத்திப் பதிமூணு.”

ஜெபா பொட்டலத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “தோத்துட்டு வந்து எவனாவது பிரியாணி வாங்குவானா? உனுக்கு இன்னா ஆச்சு?”

“கணக்கு போட்டுப் பாரு ஜெபா. வர்ற வழியெல்லாம் அதையேதான் நினைச்சுக்கினு வந்தேன். எட்டு வருஷம் உப்பில்லாத சாம்பார் துன்னுகிறாங்க. டப்பில வச்சு, பொட்டலத்துல வச்சு, எனக்குத் தெரியாம ஒளிச்சு ஒளிச்சுத் துன்னுகிறாங்க. அதுக்கு அப்பறமும் தொண்ணூத்தேழு பேரு எனக்குப் போட்டுகிறாங்க! டில்லிக்குப் போன எவனுக்காவது இப்படி விழுந்திருக்குமா?”

ஜெபா பொட்டலத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நான் அங்க வேல செஞ்சிருந்தா அந்தப் பொண்ணுக்கு நூத்திப் பதினாலு,” என்று சொல்லிவிட்டு, தட்டு எடுக்க உள்ளே போனாள். எபினேசர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.